ரோஸ்மேரி தெருவுக்கு வடக்கே

முதல் நாள், வியாழன்

மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மாரிஸ்வில் என்ற இந்த ஊரில் காலையில் நடக்கப் போனால், எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் "சாப்டீங்களா ஆன்ட்டி" கேட்கிற ரகம். கறிவேப்பிலைக்குக்கூடப் பஞ்சமில்லை. அமெரிக்காவுக்கு வந்த மாதிரியே இல்லையே என்று நான் புலம்பியதில், அரை மணி நேரத் தொலைவில் இருக்கிற சேப்பல் ஹில்லில் என்னைக் காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. ஊருக்குள் பஸ் எல்லாருக்கும் இலவசம். 2002 முதல் அப்படித்தானாம். ஓய்வுபெற்ற டீச்சருக்கு வேறென்ன வேண்டும்?

வரும் வழியில் சிக்னலில் நின்றபோது மகன் போனை நீட்டினான். ஒரு வீட்டின் படம். "டூப்ளெக்ஸ்மா. ரோஸ்மேரி தெருவுக்கு வடக்கே. யுனிவர்சிட்டிக்கு நடந்தே போயிடலாம். பசங்களுக்கு ரூம் ரூமா வாடகைக்கு விட்டா லோன் தானா அடைஞ்சிடும்." நல்லதுதானேடா என்றேன். அப்படித்தான் அந்தத் தெருவின் பெயர் முதலில் என் காதில் விழுந்தது.

இந்த ஊரும் பல்கலைக்கழகமும் வேறு வேறு இல்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடத்துக்கு 1793இல் அடிக்கல் நாட்டினார்கள். 1795இல் மாணவர்கள் வந்தார்கள். நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலில் பாடம் தொடங்கியது தாங்கள்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஓல்டு ஈஸ்ட் என்ற அந்தச் செங்கல் கட்டடம் இன்றும் மாணவர் விடுதியாக இருக்கிறது. அதைக் கட்டியதில் அடிமைகளின் உழைப்பு உண்டு. அடிமை முறைக்காகப் பல்கலைக்கழகத்தின் தலைவர் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டது 2018 அக்டோபரில்தான்.

பக்கத்தில் பெரிய மரங்கள் நிற்கும் புல்வெளி. நடுவில் ஒரு வட்டக் கல் மேசை, சுற்றிலும் உட்காரக் கற்கள். கால் வலித்தது, போய் உட்கார்ந்தேன். எதிர்க் கல்லில் ஒரு பையன் காபிக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு லேப்டாப்பில் மூழ்கியிருந்தான். செருப்புக்குள் ஏதோ உறுத்த, குனிந்தேன். மேசையைத் தாங்கிக்கொண்டு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெண்கல மனிதர்கள், வரிசை வரிசையாக, கைகளை மேலே தூக்கியபடி. மொத்தம் 300 பேர். இந்த இடத்தைக் கட்டிய அடிமைகளுக்கும் மற்றக் கறுப்பின உழைப்பாளிகளுக்கும் 2002இல் படிப்பை முடித்த மாணவர்கள் கொடுத்த நினைவுச்சின்னம். கொரியச் சிற்பி டோ ஹோ சு செய்தது, 2005இல் வைத்தார்கள். சட்டென்று காலை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இதே புல்வெளியில் உயரமான பீடத்தின் மேல் துப்பாக்கியோடு ஒரு கூட்டமைப்புச் சிப்பாய் நின்றான். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதிப் படையின் சிலை. 1913இல் வைத்தது. 2018 ஆகஸ்டில் ஒரு ராத்திரி போராட்டக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். பதிமூன்று வருஷம் இரண்டும் ஒரே புல்வெளியில் இருந்திருக்கின்றன. அவனைப் பார்க்க அண்ணாந்திருக்க வேண்டும், இவர்களைப் பார்க்கக் குனிய வேண்டும். சிற்பி இதை யோசித்துத்தான் செய்தாரோ என்னவோ, எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

இன்று எனக்குப் பிடித்துப்போனவர் ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன். பக்கத்து மாவட்டத்துப் பண்ணையில் அடிமை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் விற்க இங்கே நடந்து வருவார். படிக்கத் தானாகக் கற்றுக்கொண்டார், ஆனால் எழுத வராது. ஏர் ஓட்டும்போதே மனசுக்குள் பாட்டுக் கட்டுவார். கல்லூரிப் பையன்கள் தங்கள் காதலியின் பெயரைச் சொன்னால், ஒவ்வொரு வரியும் அந்தப் பெயரின் ஓர் எழுத்தில் தொடங்குகிற மாதிரி கவிதை சொல்லுவார். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். கூலி 25 சென்ட், கொஞ்சம் உருகச் சொன்னால் 75. அவருடைய கவிதைகள் 1829இல் புத்தகமாக வந்தன. தென்மாநிலங்களில் ஒரு கறுப்பர் பெயரில் அச்சான முதல் புத்தகம் அதுதான். அந்த வருமானத்தில் விடுதலையை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நம்பினார். நடக்கவில்லை. 1865இல் வடக்குப் படை வந்தபிறகுதான் விடுதலை. இப்போது ஒரு விடுதிக்கு அவர் பெயர்.

இந்த ஊரில் கறுப்பர் சொல்ல அடுத்தவர் எழுதிக்கொள்கிற கதை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் நாள், வெள்ளி

ஊரின் கடைத்தெரு பிராங்க்ளின் தெரு. அதற்கு ஒரு தெரு தள்ளி ரோஸ்மேரி. அதற்கும் வடக்கே நார்த்சைடு. பல்கலைக்கழகத்துக்குச் சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், அறை பெருக்கியவர்கள், கல் சுவர் அடுக்கியவர்கள் என்று கறுப்பர்கள் குடியிருந்த பகுதி. பாட்டர்ஸ்ஃபீல்டு, சன்செட், டின் டாப் என்று அக்கம்பக்கத்துக்கு அவர்களே வைத்த பெயர்கள். டின் டாப் என்றால் தகரக் கூரை. வரைபடத்தில் தேடினால் இந்தப் பெயர்கள் சட்டென்று அகப்படாது, வாயில்தான் இருக்கின்றன.

ரோஸ்மேரி தெருவில் செயின்ட் ஜோசப் என்ற மெதடிஸ்ட் தேவாலயம். சின்னதுதான். எதிரே கிரீன்பிரிட்ஜ் அடுக்குமாடி, பத்து மாடி. 2010இல் எழும்பியது. வேண்டாம் என்று இங்கே பலர் போராடிப் பார்த்திருக்கிறார்கள். தேவாலயத்தை ஒட்டி ஜாக்சன் சென்டர். முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், 'வரலாற்றைக் காக்கவும் ஆக்கவும் மேரியன் சீக் ஜாக்சன் மையம்'. அந்த அம்மையார் இந்தத் தேவாலயத்தின் வரலாற்றைப் பேணி வந்தவர். பல்கலைக்கழகத்தில் டெல்லா பொல்லாக் என்ற பேராசிரியர் நடத்திய வாய்மொழி வரலாற்று வகுப்பு இதற்கு வித்து. மாணவர்கள் வந்து பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள். சரி, பதிவாகிவிட்டது, அப்புறம்? அலமாரியில் வைத்துப் பூட்டுவதா என்ற கேள்வி வந்தது. கேட்டவர்களுக்குக் கேட்டதோடு கடமை முடியாது என்று முடிவாகி, 2000களின் கடைசியில் மையம் பிறந்தது.

அங்கே ஒரு மாணவி எனக்குப் பதிவு செய்யும் வித்தையைக் காட்டினாள். பேத்தி வயசு. கையகல ரெக்கார்டரை மேசையில் நேராக வைக்காமல் கைக்குட்டையை மடித்து அதன்மேல் வைத்தாள். மேசையில் விரல் தட்டினாலும் பதிவில் இடி மாதிரி கேட்குமாம். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோனாள். "பெரிய எதிரி ஃபிரிட்ஜ்" என்றாள். நமக்குப் பழகிப்போன அந்த முனகலை ரெக்கார்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் பேசுகிறவரிடம் அனுமதி கேட்டு அணைத்துவிட வேண்டும். திரும்பப் போட மறந்தால் பாவம், அவர் வீட்டுக் கறி கெட்டுப்போகும். அதற்கு வழி, தன் கார்ச் சாவியை அந்த ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவது. சாவி இல்லாமல் எப்படிப் புறப்பட முடியும்? முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

இன்னும் இரண்டு சொன்னாள். பேசுகிறவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதே, மனசுக்குள் பத்து எண்ணு. பாதி நேரம் ஏழிலோ எட்டிலோ மிச்சம் வந்துவிடும். அப்புறம் எழுத்தாக்கியதை அவருக்கே கொண்டுபோய்க் காட்டு. இதை நீக்கு, இதை நான் போன பிறகு வெளியிடு என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பேச்சு அவருடையது.

மையத்தை விட்டு உள்தெருக்களில் நடந்தேன். பழைய வீடுகளில் முன்புறம் மரப்பலகைத் திண்ணை, மேலே கூரை, இரண்டு ஆடு நாற்காலி. இடையிடையே புதுசாக, உயரமாக, ஒரே அச்சில் வார்த்த வீடுகள். புல்தரையில் நான்கைந்து கார்கள், திண்ணையில் கவிழ்ந்த சிவப்புப் பிளாஸ்டிக் டம்ளர்கள். எது குடும்பம் எது மாணவர் வாடகை என்று கேட்கவே வேண்டாம்.

ஒரு திண்ணையில் வயதான அம்மாள் ஒருவர் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். நின்று வணக்கம் சொன்னேன். வீடு அழகாயிருக்கிறது, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த வீட்டை வாங்க வந்திருக்கீங்க?"

இல்லையம்மா, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். உள்ளே கையை நீட்டி ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். எல்லாம் பெயர் தெரியாத ஆட்களிடமிருந்து. உங்கள் வீட்டை இருக்கிற நிலையிலேயே ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம், உடனே கூப்பிடுங்கள். சிலது கையால் எழுதியது போலவே அச்சடித்தது. பின்பக்கம் வெற்றாக இருக்கிற தாளை மளிகைச் சாமான் பட்டியல் எழுத வைத்துக்கொள்வாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிக்னலில் நீட்டிய போன் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

படம் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஹார்கிரேவ்ஸ் சமுதாயக் கூடம். 1942இல், இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, கடற்படையின் கறுப்பர் இசைக்குழுவை இந்த ஊருக்கு அனுப்பினார்கள். வாசிக்க வேண்டிய இடம் பல்கலைக்கழக வளாகம், ஆனால் அங்கே தங்க அனுமதியில்லை. இந்தக் கூடத்தில்தான் படுக்கை. தினமும் காலையில் கொடியேற்றத்துக்கு இங்கிருந்து அணிவகுத்துப் போவார்கள். ஒதுக்கி வைத்த அவமானம் இந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தினசரி ஊர்வலமாகிவிட்டது. 1960 மே மாதம் மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசியதும் இங்கேதான். மழை தூற ஆரம்பித்ததால் ஓடிவந்து பஸ் பிடித்தேன்.

மூன்றாம் நாள், சனி

இன்று அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். ஊரே இளநீலச் சட்டை. காரில் ஊர் எல்லை வரை போய்விட்டு, நெரிசலைப் பார்த்துத் திரும்பிவிட்டோம். வீட்டில் உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டேன். இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஜாக்சன் சென்டர் தன் தொகுப்புக்கு 'பாறைச் சுவரிலிருந்து' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறது. சாயங்காலம் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஒரு குட்டிச்சுவர் எந்த ஊரில்தான் இல்லை? பல்கலைக்கழகத்துக்கும் தனியாக ஒரு வாய்மொழி வரலாற்றுத் துறை உண்டு. 1973இல் ஜாக்லின் டவுட் ஹால் தொடங்கியது. தென்மாநிலங்கள் முழுக்க ஆயிரக்கணக்கான நேர்காணல்கள்.

தென்பகுதி ஆங்கிலம் முதல் அரை மணி நேரம் பிடிபடவில்லை. இழுத்து, உருட்டி, வார்த்தையின் வாலை விழுங்கிவிடுகிறார்கள். அப்புறம் காது திறந்துவிட்டது. நடுவில் நாய் குரைக்கிறது, கதவு தட்டுகிறார்கள், யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். ஃபிரிட்ஜை அணைக்க மறந்த பதிவு எது என்று இப்போது எனக்கே தெரிகிறது.

லிங்கன் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிக் கேட்டதுதான் மனசில் நிற்கிறது. கறுப்புப் பிள்ளைகளுக்கான பள்ளி. பள்ளிகளை ஒன்றாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954இல். இங்கே எல்லாருக்குமான புதுப் பள்ளி திறந்தது 1966இல். அந்த வருஷமே லிங்கன் மூடப்பட்டது. சேர்ந்து படிப்பது எல்லாரும் கேட்டதுதான். ஆனால் சேர்ந்தபோது இவர்கள் பள்ளிதான் போனது. லிங்கனில் தலைமையாசிரியராக இருந்த மெக்டூகல் புதுப் பள்ளியில் உதவித் தலைமையாசிரியர். நான் வாத்தியார் இனம், அந்தப் பதவியிறக்கம் எனக்கு உடனே சுட்டது. பாடப்புத்தகத்தில் 'ஒருங்கிணைப்பு வெற்றி பெற்றது' என்று ஒரே வரியில் முடிந்துபோகிற சமாச்சாரம். பேசச் சொல்லிக் கேட்டால்தான் இன்னொரு பாதி வருகிறது. லிங்கன் கட்டடம் இப்போது பள்ளிக் கல்வி அலுவலகம்.

ராத்திரி சாப்பாட்டில் சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது, மகன் குரலை உயர்த்துகிறவன் இல்லை. கடிதக்கட்டு சமாச்சாரத்தைச் சொன்னேன்.

"நான் லெட்டர் போடலையேம்மா. விக்கிறவங்க விக்கிறாங்க. நான் வாங்கலைன்னா வேற ஒருத்தன் வாங்கப் போறான்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னதில் பொய்யில்லை. மருமகள்தான் தோசையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனில் எதையோ தேடினாள். "அத்தை, அந்த வேற ஒருத்தன் யாருன்னு போட்டிருக்கு பாருங்க."

அவள் படித்துச் சொன்னது இது. மாணவர்களுக்கு அறை அறையாக விட்டால் வருகிற வாடகையை ஒரு குடும்பத்தால் தர முடியாது. அதனால் முதலீட்டுக்காரர் அதிக விலைக்கு, ரொக்கமாக, ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறார். விலை ஏற ஏற, விற்காமல் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் சொத்துவரி ஏறுகிறது. ஊராட்சி 2004இலேயே நார்த்சைடைப் பாதுகாப்புப் பகுதியாக்கி வீட்டின் அளவுக்கெல்லாம் வரம்பு வைத்தது. அது போதவில்லை. 2015இல் வேறு வழி கண்டார்கள். பல்கலைக்கழகம் பத்து வருஷத்துக்கு வட்டியில்லாமல் 30 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. டர்ஹாமில் இருக்கிற செல்ஃப் ஹெல்ப் என்ற கடன் சங்கம் அதை வைத்து, விற்பனைக்கு வருகிற வீட்டையும் மனையையும் முந்திக்கொண்டு வாங்கிப் பிடித்து வைக்கும். தகுந்த குடும்பம் கிடைக்கும்வரை அவசரப்படாது. அப்புறம் வீட்டு அறக்கட்டளை, ஹாபிடாட் போன்ற அமைப்புகள் வழியாகக் கட்டுப்படியாகிற விலைக்குக் கைமாற்றும். இந்த ஏற்பாட்டில் ஜாக்சன் சென்டரும் ஒரு கை.

"அப்ப அவங்களும் ரியல் எஸ்டேட்தான் பண்றாங்க" என்றான் மகன். ஆமாம்டா, பேச்சைக் கேட்டுவிட்டுப் பண்ணுகிறார்கள் என்றேன். சட்னி போதுமா என்று கேட்டு மருமகள் முடித்து வைத்தாள்.

நான்காம் நாள், ஞாயிறு

இன்று பிராங்க்ளின் தெரு மட்டும். மகன் கூடவே வந்தான். வண்டியை நிறுத்த இடம் தேடியதில் பாதி நேரம் போனது.

மேற்கே போனால், காலனியல் மருந்துக்கடை இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை. 1960 பிப்ரவரி 28. கறுப்பர்கள் பொருளை வாங்கிக்கொண்டு போகலாம், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது கடை வழக்கம். லிங்கன் பள்ளிப் பையன்கள் ஒன்பது பேர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். பலகை வைத்தது சரியாக அறுபது வருஷம் கழித்து, 2020இல். அவர்களுக்குப் பின் 1963, 64இல் ஊர்வலங்கள், மறியல்கள், தபால் அலுவலக வாசலில் உண்ணாவிரதம். 1969இல் இதே ஊர் ஹோவர்டு லீ என்ற கறுப்பரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அதே வருஷம் பல்கலைக்கழக உணவுக்கூடத்துப் பெண்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டும் ஒரே வருஷம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இன்னொரு பலகையின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். 1947 ஏப்ரலில் கறுப்பின உரிமைப் போராளி பேயர்டு ரஸ்டினும் நண்பர்களும் கறுப்பரும் வெள்ளையருமாகப் பஸ்ஸில் சேர்ந்து உட்கார்ந்து பயணம் செய்தார்கள். சேப்பல் ஹில் பஸ் நிலையத்தில் நான்கு பேர் கைது. ரஸ்டின் காந்தி வழியில் ஊறியவர். 1948 கடைசியில் இந்தியாவுக்கே போய்விட்டுத் திரும்பி, 1949இல் தண்டனையை அனுபவித்தார். 22 நாள், சங்கிலிக் கைதிகளோடு சாலை வேலை. அந்தத் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்தது 2022இல். ரஸ்டின் போய் முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

திரும்பும்போது ரோஸ்மேரி தெருவில் மில்ட்ரட் கவுன்சில் கதையை மகனுக்குச் சொன்னேன். 1976இல் கையில் 64 டாலரோடு சாப்பாட்டுக் கடை போட்டவர். காலைப் பலகாரத்துக்குச் சாமான் 40, மீதி 24 சில்லறை கொடுக்க. காலையில் விற்ற காசில் மதியச் சமையல். நீளக் கை, மழைநீர்ப் பீப்பாயின் அடிவரை எட்டி மொண்டுவிடுவாராம். அதனால் சின்ன வயசிலேயே 'டிப்' என்று பெயர். பிறகு ஊருக்கே மாமா டிப். "சரவணபவன் ரேஞ்சு" என்றான். சிரித்தோம். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

அந்த டூப்ளெக்ஸ் இருக்கிற தெரு வழியாகத்தான் வண்டி போனது. வாசலில் விற்பனைப் பலகை. அவன் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

நேற்று ராத்திரி நடந்ததை இன்று எழுதுகிறேன். "அந்தப் பொண்ணு சொல்லிக்கொடுத்த மாதிரி உன்னை ரெக்கார்ட் பண்ணட்டுமா?" என்று மகன் கேட்டான். போன்தான், கீழே கைக்குட்டை. கடிகாரத்தைக் கழற்றினோம். ஃபிரிட்ஜை அணைத்து, முறைப்படி அவன் கார்ச் சாவியை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பிறந்த ஊர், பள்ளிக்கூடம், முதல் சம்பளம் என்று கேட்டுக்கொண்டே வந்தான். நன்றாகத்தான் கேட்டான். கும்பகோணத்து வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நானே முற்றம், கிணறு, மாடிப்படிக்கு அடியில் ஊறுகாய் ஜாடி என்று அளந்தேன். அப்போது கேட்டான். "அந்த வீட்டை ஏம்மா வித்தோம்?"

அவன் எம்.எஸ். படிப்புக்காக. அவனுக்கே தெரியும். இருந்தும் கேட்டான், நானும் சொல்லவில்லை. அவன் உதடு அசைந்தது, எண்ணுகிறான். பத்து தாண்டியிருக்கும். ஜவுளிக்கடைக்காரர் வாங்கி இடித்துவிட்டார், எனக்கு அந்தத் தெருப் பக்கம் போகப் பிடிக்காது என்பது மட்டும் வந்தது. போதும் நிறுத்து என்றேன். நிறுத்தினான். இதை வைக்கலாமா அழிக்கணுமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

இன்று அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. காரை யாரும் எடுக்கவில்லை. மதியம் மூன்று மணிக்குக் காபி போடப் பாலை எடுத்தால் திரிந்துகிடக்கிறது. மாவு பொங்கி வழிந்து, சாவி அதில் பாதி முங்கியிருக்கிறது. பொத்தானில் மாவு போய்விட்டது. இப்போது கார் திறக்க மாட்டேன் என்கிறது. துடைத்து அரிசியில் போட்டு வைத்திருக்கிறோம்.